கேட் கொண்டி திறக்கும் சத்தம்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, அவர் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு, கேட் கொண்டியைத் தூக்கும் சத்தம் கேட்கிறதாம், எழுந்துபோய்ப் பார்த்தால் யாரும் இல்லையாம். “சாமி இருக்காரான்னே இப்ப எனக்குச் சந்தேகமா இருக்கு, ஆனா இவர் வந்து நிக்கிறது மட்டும் நல்லாத் தெரியுது, எனக்குப் புத்தி பிசகிட்டா சார்?” என்று கேட்கிறார். ஆத்மா அலைகிறது, கழிப்புக் கழிக்கப் பதினைந்தாயிரம் ஆகும் என்று குறி சொல்கிறவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. துக்க வீட்டு வாசலில் நின்று காசு கேட்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. புத்தி பிசகவும் இல்லை. வேல்ஸ் நாட்டில் டூயி ரீஸ் என்ற டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல ஏதோ ஒரு வகையில் தெரிந்திருந்தது. சிலர் குரல் கேட்டார்கள், சிலர் ஆளையே பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை, பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கிறது.

காதில் விழுவதை மூளை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்து வைத்திருக்கும் என்பது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். தெருவில் ஏதோ ஒரு இரும்புச் சத்தம் அரைகுறையாக வந்தால், ஆறேகாலுக்குக் காத்திருக்கிற மூளை அதைக் கொண்டிச் சத்தமாக்கிவிடும். ஆனால் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் அது ஏன் காத்திருக்க வேண்டும்?

நார்வேயில் மோசர் தம்பதியின் ஆய்வகத்தில் இதற்கு ஒரு துப்பு கிடைத்தது. இவர்கள் மூளைக்குள் இருக்கும் இடவரைபடத்துக்காக 2014இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். நான் சொல்வது அதற்கு முந்தைய வருடம் வந்த ஆய்வு. ஒரு எலியைப் பெட்டிக்குள் ஓடவிட்டு, மெல்லிய கம்பிகளை மூளைக்குள் பொருத்தி, ஒவ்வொரு செல்லும் எப்போது துடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் ஒரு இடத்தில் ஒரு பொருளை வைத்தார்கள். எலி அதன் கிட்டே போகும்போது சில செல்கள் துடித்தன. சரி, துடிக்கத்தானே செய்யும். அப்புறம் பொருளை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே வெறும் தரைதான், எலிக்கும் அது வெறும் தரை என்று தெரியும், ஆனாலும் அந்த இடத்துக்கு வந்ததும் வேறு சில செல்கள் துடித்தன! ‘இங்கே ஒன்று இருந்தது’ என்று சொல்வதற்கென்றே தனிச் செல்கள். எத்தனையோ தடவை படித்துவிட்டேன், இந்த இடம் வந்தால் இப்போதும் மேலே படிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். ‘இல்லை’ என்று கண் சொன்ன பிறகும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காத ஒரு பிடிவாதம், தலைக்குள் அத்தனை சின்ன உயிரணுவில் இருக்கிறது.

ஒரு எலி பார்த்த பொருளும் இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதரும் ஒன்றல்லதான். ஆனாலும் உங்கள் வீட்டு வாசல், ஈஸிசேர், கட்டிலின் வலது பக்கம் எல்லாம் அப்படிக் குறிக்கப்பட்ட இடங்கள் என்றே நினைக்கிறேன். ரீஸ் செய்தது போன்ற வேலைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பொறுமையும் போதும். நம் பல்கலைக்கழகங்கள் சின்னத் தொகை ஒன்றை ஒதுக்கி, காரியம் முடிந்த வீடுகளுக்கு நாலு பிள்ளைகளை அனுப்பிக் கேட்டு எழுதச் சொன்னால் என்ன?

இதெல்லாம் சத்தம் ஏன் கேட்கிறது என்பதற்கான பதில். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதற்கு அந்தச் செல்களிடம் பதில் கிடையாது, என்னிடமும் கிடையாது. ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளும் தண்ணீரும் விடுகிறேன், அது தாத்தாவுக்குப் போய்ச் சேருகிறது என்று நம்புகிறேனா என்றால் தெரியவில்லை. இதே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியபோது உள்ளே இருந்த கலயங்களில் நெல் உமியும் தினை உமியும் கிடைத்தன. வைத்தவர்கள் எல்லோரும் நம்பித்தான் வைத்தார்களா, வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் வைத்தார்களா, யார் கண்டது?

தூக்கமே இல்லாமல் போனாலோ, கேட்கிற குரல் உங்களைத் திட்டினாலோ, ‘நீயும் வந்துவிடு’ என்று கூப்பிட்டாலோ, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரை உடனே பாருங்கள். மற்றபடி, சந்தேகத்தோடு படத்துக்கு விளக்கு ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஏற்றுங்கள். தாத்தா போன பிறகு எங்கள் ஆச்சி ரொம்ப நாள் இரண்டு டம்ளரில்தான் காப்பி ஆற்றினாள். ஆற்றி முடித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வரும். இரண்டாவது டம்ளரை என் பக்கம் தள்ளி, “நீ குடில” என்பாள்.