டாக் ரேடியோ ஹோஸ்ட்: இவரைத் தமிழ்ல என்னன்னு சொல்றது?

அமெரிக்கத் தேர்தல் வந்துச்சுன்னா தமிழ்ச் செய்தியில இந்தச் சொல் கட்டாயம் தலைகாட்டும், பிரபல டாக் ரேடியோ ஹோஸ்ட் அவரை ஆதரிச்சாரு, இவரைக் கிழிச்சாருன்னு. இதைத் தமிழாக்குறப்போ சிலர் வானொலித் தொகுப்பாளர்னு போடுறாங்க, சிலர் நெறியாளர்னு, சிலர் ஆர்ஜேன்னே விட்டுடுறாங்க. மூணுமே எனக்கு ஒப்பலை. அந்த ஆளு பாட்டுக்கு நடுவுல கலகலன்னு பேசுறவர் இல்ல, ரெண்டு தரப்பையும் உட்கார வச்சு பஞ்சாயத்து பண்றவரும் இல்ல. ஒரு கட்சி யாரை நிறுத்தணும் யாரை ஓரங்கட்டணும்னு தினமும் மணிக்கணக்கா மைக்ல பேசுறவர், கட்சித் தலைவருங்களே அவர் என்ன சொல்லப்போறாரோன்னு காது குடுத்துக் கேக்குற இடத்துல இருக்குறவர். இது சொல்லுக்குள்ள வரலைன்னா படிக்கிறவங்களுக்கு செய்தியே விளங்காது.

எங்க பக்கம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்னு இந்தக் கடலோரத்துல டாக் ரேடியோன்னு சொன்னா முதல்ல வேற ஒண்ணுதான் நினைவுக்கு வரும். "போட்ல வச்சிருக்கமே, பக்கத்துப் போட்டுக்காரக கூட பேசுறது, அதத்தானண்ணே சொல்றீக?"ன்னு ஒரு விசைப்படகுத் தம்பி கேட்டாப்ல. அது வாக்கி டாக்கிப்பா, நான் சொல்றது பாட்டே போடாம நாள்பூரா பேச்சு மட்டும் போடுற ஸ்டேஷன்னேன். "பாட்டே போடாட்டி யாருண்ணே கேப்பா?"ன்னான். சரியான கேள்வி, இந்தச் சொல்லோட கதையே அங்கதான் ஆரம்பிக்குது, ஆனா அதுக்கு முன்னாடி வேர்களைப் பாத்துடலாம்.

ரேடியோ, லத்தீன்ல ரேடியஸ்ங்குற சொல்லுல இருந்து வந்தது, சக்கரத்தோட ஆரக்காலுக்கும் ஒளிக்கதிருக்கும் அதுதான் பேரு, ஸ்கூல்ல வட்டத்துக்கு ஆரம்னு படிச்சமே அதே ரேடியஸ்தான். பிராட்காஸ்ட்ங்குறது ரேடியோ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்த விவசாயச் சொல், விதையைக் கையால வீசித் தூவுறது. நம்ம மாவட்டத்துல மழையை நம்பி புழுதியிலேயே நெல்லை விதைக்கிறாங்களே, அந்த விதைப்புக்கு இங்கிலீஷ்ல அதுதான் பேரு. ஒலிபரப்புன்னு தமிழ்ல வச்சவங்க பரப்புறதுங்குற அந்தச் செயலை அப்படியே பிடிச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச கலைச்சொல் இது.

ஹோஸ்ட்தான் சிக்கலான சொல். லத்தீன்ல ஹோஸ்பெஸ்னா விருந்து வைக்கிறவருக்கும் விருந்தாளிக்கும் சேத்து ஒரே சொல், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு, ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல் எல்லாம் இதே குடும்பந்தான். ரேடியோவும் டிவியும் வந்தப்போ, ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேச வைக்கிறவருக்கு இந்தப் பேரை ஒட்டிட்டாங்க. ஆனா அமெரிக்க அரசியல் டாக் ரேடியோவுல விருந்தாளியே பெருசா கிடையாது, ஹோஸ்ட் ஒருத்தரே பேசுவார், நடுவுல நேயருங்க போன்ல வருவாங்க, அவ்வளவுதான். அதனால விருந்தோம்பல்ங்குற அர்த்தத்தைப் பிடிச்சுக்கிட்டு தமிழ்ல சொல் தேடினா வழி தப்பிடும். இதையே ஆஸ்திரேலியாவுல டாக்பேக் ரேடியோம்பாங்க, பிரிட்டன்ல போன்-இன், அங்க நேயர் திருப்பிப் பேசுறதுக்குத்தான் பேர்லயே இடம்.

இப்ப அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன். அமெரிக்காவுல 1970கள்ல இருந்து பாட்டெல்லாம் எஃப்எம்முக்குப் போயிடுச்சு, அங்கதான் சத்தம் துல்லியமா இருக்கும். மத்திய அலையில ஓடுற பழைய ஏஎம் ஸ்டேஷன்கள் கையில மிஞ்சினது பேச்சுதான், பேச்சுக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்ல, ராத்திரியில ஏஎம் அலை பல மாநிலம் தாண்டிப் போகும், செலவும் கம்மி. இதோட இன்னொண்ணும் சேந்துச்சு. 1949ல இருந்து அங்க ஒரு விதி இருந்துச்சு, சர்ச்சையான விஷயத்தைப் பேசினா எதிர்க்கருத்துக்கும் நியாயமா இடம் குடுக்கணும்னு. 1987ல அதை எடுத்துட்டாங்க. அடுத்த வருஷமே, 1988 ஆகஸ்ட்ல, கலிபோர்னியாவுல சாக்ரமென்டோங்குற ஊர்ல உள்ளூர் நிகழ்ச்சி பண்ணிக்கிட்டு இருந்த ரஷ் லிம்பாங்குறவர் நாடு முழுக்க ஒலிக்க ஆரம்பிச்சாரு, மத்தியானம் மூணு மணி நேரம், போகப்போக 600க்கு மேற்பட்ட ஸ்டேஷன்ல.

லிம்பா ஒரு பக்கந்தான் பேசுவார், ரிபப்ளிகன்ங்குற குடியரசுக் கட்சிப் பக்கம், அதுலயும் வலதுசாரிப் பக்கம், அதை அவர் மறைச்சதே இல்ல. அவரைக் கேக்குறவங்க போன்ல வந்து ஒவ்வொருத்தரும் பாராட்டிக்கிட்டு இருந்தா நேரம் போகுதுன்னு டிட்டோன்னு மட்டும் சொல்லிட்டு விஷயத்துக்கு வருவாங்க, அதனால அவங்களுக்கு டிட்டோ ஹெட்ஸ்னே பேர் வந்துடுச்சு. டிட்டோங்குறது இத்தாலியச் சொல், மேலே சொன்னதுன்னு அர்த்தம், நம்ம பத்திரத்துல மேற்படின்னு எழுதுறமே அதேதான். 1994 தேர்தல்ல ரிபப்ளிகன் கட்சி 40 வருஷத்துக்கு அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றத்தோட கீழ்சபையைப் பிடிச்சுது, 54 இடம் கூடுதலா கிடைச்சுது, புதுசா ஜெயிச்சு வந்த உறுப்பினர்கள் லிம்பாவைக் கூப்பிட்டு தங்களோட குழுவுல கௌரவ உறுப்பினராவே ஆக்கினாங்க. வெற்றிக்கு அவர் மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரலை, பொருளாதாரம், அப்ப அதிபரா இருந்த கிளின்டன் மேல இருந்த கோபம்னு பலதும் இருந்துச்சு, ஆனா ஜெயிச்சவங்களே தங்களோட வெற்றியில அவருக்குப் பங்கு இருக்குன்னு மேடையில வச்சு சொன்னாங்க.

இதைவிட முக்கியமான காட்சி 2009ல நடந்துச்சு. ரிபப்ளிகன் கட்சியோட தேசியக் குழுத் தலைவர் மைக்கேல் ஸ்டீல், லிம்பாவை வெறும் பொழுதுபோக்குக்காரர்னும் அவர் பேச்சு அசிங்கமா இருக்குன்னும் ஒரு டிவியில சொல்லிட்டார், சில நாள்ல அவர்தான் லிம்பாகிட்ட வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிடுச்சு. கட்சிக்குத் தலைவரா இருக்கறவரு, கட்சியில எந்தப் பதவியும் இல்லாத ரேடியோக்காரர்கிட்ட. அதுக்கு முன்னாடி 2007ல குடியேற்றச் சட்டத் திருத்தம் ஒண்ணு மேல்சபையான செனட்ல வந்தப்போ, டாக் ரேடியோக்காரங்க எல்லாம் சேந்து எதிர்த்துப் பேசி, நேயருங்க செனட்டர் ஆபீசுக்கு போன் மேல போன் போட்டு, கடைசியில அந்த மசோதா தேறவே இல்ல. அப்ப டாக் ரேடியோதான் நாட்டையே நடத்துதுன்னு அலுத்துக்கிட்டவர் எதிர்க்கட்சிக்காரர் இல்ல, ரிபப்ளிகன் செனட்டர் ட்ரென்ட் லாட்.

இந்த பலம் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சாதான் சொல்லும் சரியா அமையும். அங்க வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்காது, பிரைமரின்னு உட்கட்சித் தேர்தல் வச்சு ஓட்டுப் போட்டு எடுப்பாங்க, அதுக்கு ஓட்டுப் போட வர்ற கூட்டம் ரொம்பக் கம்மி, வர்றவங்க தீவிரமானவங்க, அந்தத் தீவிரமானவங்கதான் தினமும் இந்த ரேடியோவைக் கேக்குறவங்க. அதனால ஹோஸ்ட் ஒருத்தர் நாட்டுல எல்லார் மனசையும் மாத்தத் தேவையே இல்ல, ஒரு தொகுதியில சில ஆயிரம் பேரை எழுப்பி விட்டாப் போதும், பதவியில இருக்கறவருக்கே சீட்டு போயிடும். 2014ல கீழ்சபையில கட்சியோட ரெண்டாவது பெரிய தலைவரா இருந்த எரிக் கேன்டர் வர்ஜீனியாவுல அதிகம் பேர் அறியாத ஒரு பேராசிரியர்கிட்ட பிரைமரியில தோத்தாரு, அந்தப் பேராசிரியருக்காகப் பேசி பிரசாரம் பண்ணவங்கள்ல லாரா இங்க்ரஹாம்ங்குற ரேடியோ ஹோஸ்ட்டும் ஒருத்தர். மைக் பென்ஸ் கதை இன்னும் நேரடி, 1988லயும் 1990லயும் தேர்தல்ல தோத்துட்டு இந்தியானா மாநிலத்துல டாக் ரேடியோ நடத்தினாரு, 2000ல ஜெயிச்சு கீழ்சபைக்குப் போனாரு, அப்புறம் துணை அதிபராவும் ஆனாரு.

இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு. 1930கள்லயே சார்லஸ் காக்லின்னு ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் டெட்ராய்ட் பக்கத்துல இருந்து ரேடியோவுல பேசி கோடிக்கணக்குல ஆளைச் சேத்தாரு, முதல்ல அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஆதரவு, அப்புறம் எதிர்ப்பு, போகப்போக யூத வெறுப்பு. 1936ல அவர் ஆதரிச்ச யூனியன் கட்சி வேட்பாளருக்கு 2 சதவீத ஓட்டுகூட முழுசா வரல. இருக்குற கட்சிக்குள்ள நின்னு இழுக்குறதுக்குத்தான் ரேடியோக்காரரோட பேச்சு செல்லும், புதுக் கட்சி கட்ட அது மட்டும் போதாது.

சரி, நம்ம பக்கம். குரலுக்கு ஒரு கடற்கரையே எப்படி மயங்கும்னு ராமநாதபுரத்துக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், மத்திய அலை உப்புத்தண்ணி மேல ரொம்ப நல்லா ஓடும், அதனால இலங்கை வானொலி இங்க நம்ம வீட்டு ரேடியோ மாதிரிதான் கேட்டுச்சு. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது இவங்க பேரைச் சொன்னா இன்னைக்கும் பெரியவங்க முகம் மலரும். அவங்களுக்கு இருந்த பேரு அறிவிப்பாளர். அந்தக் காலத்து மரியாதை முழுக்க அந்தச் சொல்லுல இருக்கு, ஆனா அறிவிப்பாளர் தன்னோட அரசியலைப் பேசுறவர் இல்ல, பாட்டையும் செய்தியையும் அழகா அறிவிக்கிறவர்.

இந்தியாவுல டாக் ரேடியோ ஹோஸ்ட் வளர்றதுக்கு மண்ணே கிடையாது. ரேடியோ ரொம்ப காலம் அரசாங்கத்துக்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு, எமர்ஜென்சியில ஆல் இந்திரா ரேடியோன்னு ஜனங்க பேர் வைக்கிற அளவுக்கு. 1977 தேர்தல்ல இருந்துதான் கட்சிகளுக்கே அதுல பேச நேரம் கிடைச்சுது. அலைவரிசை பொதுச்சொத்துன்னு 1995ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2001ல தனியார் எஃப்எம் வந்த பிறகும் அவங்க சொந்தமா செய்தி போடக்கூடாது, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே போட்டுக்கலாம், அவ்வளவுதான். பாம்பன்ல மீனவ மக்களுக்காக 2016ல வந்த கடல் ஓசை 90.4 சமூக வானொலி, சமூக வானொலிக்கு அரசியல் பேசவே அனுமதி இல்ல. கடலைப் பத்தியும் மக்கள் வாழ்க்கையைப் பத்தியும் பேசலாம், படகுக்காரங்க யாருக்கு ஓட்டுப் போடணும்னு பேச முடியாது. இது சரின்னுதான் எனக்குத் தோணுது, ஆனா மீன்பிடித் தடைக்கால நிவாரணம், எல்லைத் தகராறுன்னு இந்தக் கடற்கரையோட கஷ்டம் எல்லாமே அரசியல்தான், அதைப் பத்தி வெளிப்படையா வாதாட ரேடியோவுல இடமே இல்லாததும் ஒரு குறைதான்.

அப்ப தமிழ்ச் சொல். தொகுப்பாளர்னா நிகழ்ச்சியை அடுக்கிக் கோக்குறவர், சொந்தக் கருத்து அதுல தெரியாது. நெறியாளர்ங்குறதுதான் ரொம்பத் தப்பு, அது டிவி விவாதத்துல நடுவுல உக்காந்து நேரம் பிரிச்சுக் குடுக்கறவருக்கு வந்த சொல், நடுநிலைங்குற அர்த்தம் அதுல ஊறிப்போயிருக்கு. ஒரு கட்சியை இந்தப் பக்கம் இழுக்கவே பேசுறவரைப் போய் நெறியாளர்னு எழுதினா, அவர் சொல்றது ஏதோ தீர்ப்பு மாதிரி படிக்கிறவங்களுக்குப் படும்.

எனக்குப் பட்டது வானொலிப் பேச்சாளர். தமிழ்நாட்டு அரசியல்ல பேச்சாளர்ங்குற சொல்லுக்குத் தனி எடை உண்டு, ராமநாதபுரம் அரண்மனை முன்னாடி பொதுக்கூட்டம்னா போஸ்டர்ல தலைமைக் கழகப் பேச்சாளர்னு ஒருத்தர் பேர் இருக்கும், அவர் ஒரு பக்கத்துக்காகப் பேச வர்றார்னு பாக்குற எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெளிவுதான் வேணும். ஆனா ஒரு வித்தியாசத்தை வாக்கியத்துலயே சேத்துச் சொல்லிடணும், கழகப் பேச்சாளரைக் கட்சி அனுப்புது, பட்டியல்ல இருந்து எடுத்துட்டா மேடை கிடையாது. வானொலிப் பேச்சாளருக்குக் கட்சி மேடையே தேவையில்ல, ஸ்டேஷனும் விளம்பரமும் நேயரும் அவருக்குச் சொந்தமா இருக்கு. டாக் ரேடியோவுக்குப் பேச்சு வானொலின்னு சொன்னாப் போதும். ரேடியோ உரைன்னு எழுதிப் படிக்கிறவரோட குழப்பிக்குவாங்களேன்னு கேட்டா, அவர் உரையாளர், வேற சொல் ஏற்கெனவே இருக்கு. நேயருங்க போன்ல வர்றதுக்கு நேயர் அழைப்பு. இங்கிலீஷ்ல லிசனர்னா வெறுமனே கேக்குறவர், தமிழ்ல நேயர், நேயம்னா அன்பு, அந்தப் பேச்சாளருக்கு எங்க இருந்து பலம் வருதுன்னு இந்தச் சொல்லு இங்கிலீஷை விட நல்லாச் சொல்லுது.

யூடியூப்ல தினமும் உக்காந்து ஒரு கட்சிக்காகவோ எதிராவோ பேசுறவங்களுக்கும் வானொலியை மட்டும் எடுத்துட்டு இணையப் பேச்சாளர்னு போடலாம், பத்திரிகையாளர்னு போடுறதை விட அது உண்மையா இருக்கும். செய்தியில எழுதுறப்போ இப்படி வரும்: "ரிபப்ளிகன் கட்சி ஆதரவு வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா 2021 பிப்ரவரியில் காலமானார், கட்சியில் பதவி எதுவும் வகிக்காமலே அதன் வேட்பாளர் தேர்வில் செல்வாக்குச் செலுத்தியவர்."