கோல்பர்: சொல் விளக்கம்

கோல்பர், பெயர்ச்சொல். ஈரான், இராக் எல்லை மலைகளில் சரக்கை முதுகில் கட்டிக்கொண்டு கடக்கும் கூலியாள். பெரும்பாலும் குர்து இனத்தவர். தொழிலின் பெயர் கோல்பரி.

குர்திய மொழியில் 'கோல்' என்பது முதுகையும் தோளையும் குறிக்கும். நம் ஊன்றுகோலுக்கும் அதற்கும் உறவில்லை. 'பர்' என்றால் சுமப்பவர். பாரசீகத்தில் 'பொர்தன்' (கொண்டுபோதல்) என்ற வினையின் அடியும் இதுவே. வடமொழி வழியாக வந்து நம்மிடம் தங்கிவிட்ட 'பாரம்' இதற்கு ஒன்றுவிட்ட உறவு. இதே 'பர்', ஈரானின் பலுசிஸ்தானில் 'சூக்த்பர்' ஆகிறது. மலிவான ஈரானிய டீசலைப் பாகிஸ்தானுக்குக் கொண்டுபோகிறவர் அவர், 'சூக்த்' எரிபொருள்.

சிகரெட், தேயிலை, டயர், துணி, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் இராக்கின் குர்துப் பகுதிக்கு முறைப்படியே வந்து இறங்குகின்றன. ஈரானுக்குள் அவற்றுக்கு இறக்குமதி வரியும் தடையும் கடுமை. அந்த விலை வித்தியாசத்தைத்தான் கோல்பர் சுமக்கிறார், எடைக்கேற்ற கூலிக்கு. ஒரு சுமை 30, 40 கிலோ இருப்பது சாதாரணம். வழியில் பனிச்சரிவு, 1980-88 ஈரான்-இராக் போரில் புதைத்த கண்ணிவெடிகள், எல்லைக் காவலரின் துப்பாக்கி. தப்பி வந்த சரக்கு ஈரான் பக்கத்துப் பானே நகரக் கடைத்தெருவில் பகிரங்கமாக விற்பனையாகும். சுமந்தவர்தான் குற்றவாளி!

அதே மலைத்தொடரின் துருக்கிப் பக்கத்தில் இவர்களுக்குப் பெயர் 'கச்சக்ச்சி', ஓடுதல், தப்புதல் என்ற வேரில் பிறந்த சொல். 2011 டிசம்பர் 28 இரவு, ரோபோஸ்கி ஊருக்கருகே கோவேறு கழுதைகளில் எரிபொருளும் சிகரெட்டும் ஏற்றி வந்த கூட்டத்தின் மீது துருக்கி விமானப்படை குண்டு வீசியது. 34 பேர் இறந்தனர், பலர் பதின்வயதினர். ஆயுதக் குழுவினர் என்று கருதித் தாக்கியதாக அரசுத் தரப்பு சொன்னது.

தமிழில் என்ன சொல்வது? 'கடத்தல்காரர்' கைக்கு எளிதாக வருகிறது. 'கடத்து' என்பதற்கு அடிப்பொருள் கடக்கச் செய்தல்தான். 'மின்கடத்தி'யில் அந்தப் பழைய பொருள் இன்னும் களங்கமில்லாமல் இருக்கிறது. ஆனால் 'கடத்தல்காரர்' என்றதும் நமக்குத் தோன்றுவது முதலாளி; இவரோ அந்த முதலாளியின் கூலி. 'சுமைதூக்கி' ரயில் நிலையத்தோடு நின்றுவிடுகிறது, எல்லை அதில் இல்லை. என் தேர்வு 'எல்லைச் சுமையாள்', பன்மையில் 'எல்லைச் சுமையாட்கள்'. குர்துப் பகுதிச் செய்தியில் முதல்முறை 'கோல்பர் எனப்படும் எல்லைச் சுமையாள்' என்று எழுதிவிட்டால் போதும்.

வணிகம் முழுவதையும் குறிக்க 'முறைசாரா எல்லை வணிகம்' பொருந்தும். லாரியில் சரக்கேற்றிச் சோதனைச் சாவடியில் கைக்கூலி கொடுத்துக் கடப்பவரும் அதில் அடக்கம். அவரைக் கோல்பர் என்று எழுதக் கூடாது.