லொறியில் போகிற காருக்கும் குளிர்காலம் உண்டு

ஒன்ராறியோவிலிருந்து மேற்கு மாகாணங்களுக்கு அனுப்பப்படும் கார்களை லொறியில் ஏற்றுவதற்கு முன் பார்வையிட்டுப் பொறுப்பேற்பது என் தொழில். வீட்டு விலை தாங்காமல் ஸ்காபரோவை விட்டுக் கல்கரிக்கும் எட்மன்ரனுக்கும் குடிபெயரும் நம்மவர் குடும்பங்களின் கார்களும் அவற்றில் நிறையவே வருகின்றன. இந்தத் தை மாதம் அப்படிக் கல்கரிக்குப் புறப்பட்ட கார் ஒன்று, வழியில் வினிபெக் தரிப்பு முற்றத்தில் இரண்டு இரவுகள் நின்றபோது எஞ்சின் உடலில் வெடிப்பு விழுந்து, அங்கிருந்து நகர முடியாமற் போனது. கோடை முழுவதும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் குறையக் குறைய அதன் உரிமையாளர் குழாய்த் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறார் என்பது விசாரித்தபோது தெரிந்தது. அவர் தொலைபேசியில் கோபமாகக் கேட்ட கேள்வி எனக்குப் புதிதல்ல: “கார் ஓடவே இல்லையே, லொறியில்தானே போனது, பிறகு எப்படிப் பழுதாகும்?”

ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். கார் ஓடாததுதான் பிரச்சினையே. வீதியில் ஓடும் கார் தன் எஞ்சினின் சூட்டிலேயே தன்னைக் காத்துக்கொள்கிறது. வெளியில் எவ்வளவு குளிர் இருந்தாலும் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்றின் வெப்பம் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸை எட்டிவிடும். இரவில் ஆறினாலும் மறுநாட் காலை மீண்டும் சூடேறும். பலருக்கு வீட்டோடு சேர்ந்த கராஜும் உண்டு. லொறியில் ஏற்றிய காருக்கு இந்த வசதி ஒன்றுமே இல்லை. அதன் எஞ்சினும் பற்றரியும் ரயரும் ஒருசில மணி நேரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கே இறங்கி, பிறகு நாட்கணக்கில் அதே நிலையில் கிடக்கின்றன. நீங்கள் ரொறன்ரோவில் பத்து வருடங்கள் எந்தப் பிரச்சினையுமின்றி ஓட்டிய கார், பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையில் இரவு முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டதே இல்லை என்றால், அது குளிரைத் தாங்கும் என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இதற்கு மறுகோடியில் நின்று பயப்படுவோரும் உண்டு. வானிலை அறிவிப்பில் காற்றோடு சேர்த்து உணரும் குளிர் -45 என்று வந்தவுடன் கார் அந்த அளவுக்கு உறைந்துவிடும் என்று எண்ணி அழைப்பார்கள். அந்த எண் மனிதத் தோலுக்கானது. காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் வெளி வெப்பநிலை -30 என்றால் கார் -30 வரைதான் குளிரும். அந்த நிலைக்குச் சீக்கிரமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். அதேபோல, கூடுதற் பணம் கட்டி மூடிய லொறியில் அனுப்பினால் குளிர் படாது என்பதும் தவறு. மூடிய லொறி வீதி உப்பையும் தெறிக்கும் கல்லையும் தடுக்கும். அதற்குள் பெரும்பாலும் சூடேற்றி எதுவும் இருப்பதில்லை.

பயணம் நேராகப் போய் இறங்குவதும் அல்ல. ரொறன்ரோவிலிருந்து கல்கரி ஏறத்தாழ 3,400 கிலோமீற்றர். அதில் சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே செல்லும் பகுதி, பனிப்புயல் வந்தால் மூடப்படுவது வழக்கம். நிப்பிகனுக்கு அருகே 11ஆம், 17ஆம் நெடுஞ்சாலைகள் இரண்டும் ஒரே பாலத்தால்தான் ஆற்றைக் கடக்கின்றன. 2016 ஜனவரி 10ஆம் திகதி, திறந்து சில வாரங்களே ஆன அந்தப் பாலத்தின் ஒரு முனை மேலெழுந்தபோது, கனடாவுக்குள்ளாகவே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும் வீதி அங்கே அறுந்துபோனது. வீதி மூடினால் லொறி நிற்கும். அதன் மேலிருக்கும் உங்கள் காரும் நிற்கும். இதைத் தவிர, பல கார்கள் ஒரே லொறியில் கடைசி வரை போவதில்லை என்பதையும் வாடிக்கையாளர்கள் அறிவதில்லை. இடைத் தரிப்பு முற்றங்களில் இறக்கி, காத்திருக்க வைத்து, வேறு லொறியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் காரை உறைகுளிரில் இயக்கி, ஓரிரு நிமிடங்கள் மட்டும் ஓட்டி, அணைத்துவிடுவார்கள். ஒரு பற்றரிக்கு இதைவிடக் கொடுமையான வேலை கிடையாது. இயக்குவதற்குச் செலவான மின்சாரம் திரும்பி ஏறுவதற்குள் எஞ்சின் அணைந்துவிடுகிறது.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை. கூலன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதிகச் செலவு வைப்பது அதுதான். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ரேடியேற்றருக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகிய கை, இங்கே வந்தும் அதையே செய்கிறது. அங்கே அது பிழையில்லாமற் போனது. இங்கே தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிந்து இரும்பையும் அலுமினியத்தையும் பிளக்கும். கூலன்றை உறையாமற் காக்கும் எதிலீன் கிளைக்கோலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் கலவை ஏறத்தாழ -37 பாகை வரை உறையாது. இதைக் கேட்டவுடன் சிலர் தண்ணீரே கலக்காமல் தனிக் கிளைக்கோலை ஊற்றிவிடுகிறார்கள். தனிக் கிளைக்கோல் ஏறத்தாழ -13 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும் என்பதை அவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நிறத்தைப் பார்த்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள்; பச்சையோ சிவப்போ, தண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அது சொல்லாது. கூலன்றின் உறைநிலையைக் காட்டும் சிறு கருவி எந்த கராஜிலும் இருக்கும், சோதிக்கச் சில நிமிடங்களே போதும். காரைப் பொறுப்பேற்கும்போது நாங்கள் இதைச் சோதிப்போம் என்று எதிர்பார்க்காதீர்கள். நாங்கள் பார்ப்பது கீறலையும் நசிவையும் கண்ணாடியையும்தான். உறைந்து வெடித்த எஞ்சினுக்கு இழப்பீடு இல்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கிறது. கையெழுத்திடும்போது தயவுசெய்து அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். குளிர் குறைந்த அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து வாங்கி வந்த கார் என்றால் இந்தக் கூலன்ற் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பற்றரி பற்றி நான் சொன்னால் பலர் கேட்பார்கள், யாரும் மாற்ற மாட்டார்கள். முழுமையாக மின்னேறிய பற்றரி கனடாவின் எந்த நகரத்துக் குளிரிலும் உறையாது. வெறுமையான பற்றரியோ -10 பாகைக்கு முன்பே உறையக்கூடும். ஓய்வில் 12.6 வோல்ற் காட்டினால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, அந்தக் காரை அனுப்பாதீர்கள். வோல்ற் சரியாக இருந்தாலும் நான்கைந்து வருடங்கள் பழைய பற்றரியை மின்சுமை கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய கமராவையும், பிற்பாடு பொருத்திய அலாரத்தையும், தொலைபேசி மின்னேற்றியையும் கழற்றுங்கள். அவை கார் நிற்கும்போதும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். வழியில் இயங்காமற் போன காரை விஞ்ச் போட்டு இழுத்துத்தான் ஏற்ற வேண்டும், அதற்கு மேலதிகக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு எங்களை ஏசுகிறவர்கள், பற்றரியைச் சோதிக்கச் சொன்ன மின்னஞ்சலை மறந்துவிடுகிறார்கள்.

கண்ணாடி கழுவும் திரவத்தைக் கோடைக்கு நிரப்பியது அப்படியே இருந்தால் அதை வெளியேற்றிவிட்டு, -40 பாகை என்று எழுதிய குளிர்காலத் திரவத்தை ஊற்றி, அது குழாய்களுக்குள்ளும் போகும் வரை சில தடவைகள் பீய்ச்சிவிடுங்கள். தாங்கியில் புதியதை ஊற்றிவிட்டுக் குழாயில் பழையதை விட்டுவைப்பதே வழமையாக நடக்கும் தவறு. எஞ்சின் எண்ணெய், உங்கள் காரின் கையேடு அனுமதித்தால், குளிரிலும் இறுகாமல் ஓடும் 0W அல்லது 5W வகையாக இருக்கட்டும்.

ரயரின் காற்றழுத்தம் வெப்பநிலை ஐந்தாறு பாகை குறைய ஒரு பிஎஸ்ஐ அளவு குறையும். சூடான கராஜில் 20 பாகையில் நிரப்பிய ரயர், -30 பாகையில் ஏறத்தாழ 9 பிஎஸ்ஐ இழந்திருக்கும். ஆகவே வெளியில் ஆறிய நிலையில் அழுத்தம் பாருங்கள். லொறியில்தானே போகிறது, குளிர்கால ரயர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. லொறியின் ஏறுபலகை இரும்பாலானது. அதில் பனிப்படலம் பிடித்திருக்கும்போது உங்கள் காரை ஒரு மனிதர் ஓட்டி மேல்தட்டுக்கு ஏற்ற வேண்டும், 7 பாகைக்குக் கீழ் இறுகிப்போகும் கோடை ரயரோடு அவரை அங்கே ஏறச் சொல்வது நியாயமல்ல. இறங்கிய பின் நீங்களே ஓட்ட வேண்டியும் இருக்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாலான மலைவீதிகளில் ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரில் 30 வரை கேட்பார்கள்.

காரைக் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றால், போகும் வழியில் உப்பு அப்பத்தானே போகிறது என்று சிரிக்கிறார்கள். அழகுக்காக நான் அதைக் கேட்கவில்லை. உப்பும் சேறும் படிந்த காரில் இருக்கும் கீறல் என் கண்ணுக்குத் தெரியாது; எனவே பொறுப்பேற்புப் பத்திரத்தில் ‘அழுக்கால் பார்வையிட இயலவில்லை’ என்று எழுதுவேன், நாளை உண்மையாகவே லொறியில் ஒரு சேதம் நடந்தாலும் அந்த ஒரு வரி உங்கள் கோரிக்கையைக் கவிழ்த்துவிடும். அதே நேரம், வரும் வழியில் கழுவி ஈரத்தோடு கொண்டுவராதீர்கள். கதவும் பூட்டும் உறைந்து திறக்காமற் போகும். ஓரிரு நாட்களுக்கு முன் கழுவி, கதவோர ரப்பர்களைத் துடைத்துக் காயவைத்து, சிலிக்கோன் பூசி, பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் கூரையும் படமெடுத்து வையுங்கள். உறைந்த கண்ணாடியில் சுடுநீர் ஊற்றுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

கூரையில் பனிக்கட்டியோடு வரும் காரை நான் ஏற்றுவதில்லை. ஒன்ராறியோவில் வாகனத்தின் உயரம் 4.15 மீற்றரைத் தாண்டக் கூடாது, மேல்தட்டில் நிற்கும் கார் ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தவிரவும் அங்கிருந்து கழன்று பறக்கும் கட்டி பின்னால் வருபவரின் கண்ணாடியில்தான் விழும். கையால் இழுக்கும் நிறுத்து பிரேக் ஈரத்தில் உறைந்து பிடித்துக்கொள்ளும் பழக்கம் உங்கள் காருக்கு இருந்தால் ஏற்றும் சாரதியிடம் சொல்லிவிடுங்கள். துடைப்பான்களை மேலே தூக்கி விடாதீர்கள், அது வீட்டு வாசலுக்கான பழக்கம். நெடுஞ்சாலைக் காற்றில் முறிந்துவிடும்.

பெற்றோல் கால் தாங்கி போதும். பாரம் குறைய வேண்டும் என்று வெறுமையாகக் கொண்டுவருவதும், உறையாமல் இருக்க நிரப்பிக் கொண்டுவருவதும் வேண்டாம். டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் மட்டும், வெப்பமான காலத்தில் நிரப்பிய டீசலோடு அனுப்பாமல் குளிர்கால டீசலை நிரப்பி, வடிகட்டி வரை அது போகும்படி சிறிது தூரம் ஓட்டிய பின் கொண்டுவாருங்கள்.

நம்மவர்களிடம் கொஞ்சம் மன்றாடியே கேட்கிறேன்: காருக்குள் வீட்டைக் கட்டி அனுப்பாதீர்கள். தேங்காய்ப்பால் ரின்களும் தண்ணீர்ப் போத்தல்களும் குளிர்பானமும் உறைந்து வெடித்து, பிறகு இளகி, இருக்கையிலும் கம்பளத்திலும் ஊறியிருந்த கார்களை நான் கண்டிருக்கிறேன். அந்த மணம் கோடை வரை போகாது. உள்ளே வைத்த பொருட்களுக்குப் போக்குவரத்துக் காப்புறுதி பெரும்பாலும் பொருந்தாது. 407 நெடுஞ்சாலைக் கட்டணக் கருவியையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் லொறி அந்த வீதியால் போனால் உங்களுக்கும் ஒரு கட்டணச் சீட்டு வரக்கூடும்.

மின்கார்களைப் பாதிக்கு மேல் மின்னேற்றி அனுப்புங்கள், காவற் கமராவையும் தொலைவிலிருந்து சூடேற்றும் அமைப்பையும் நிறுத்திவையுங்கள். கார் எங்கே போகிறது என்று செயலியை நாளுக்குப் பலமுறை திறந்து பார்ப்பவர்கள், ஒவ்வொரு தடவையும் தூங்கும் காரை எழுப்பி அதன் மின்சாரத்தைத் தாங்களே செலவழிக்கிறார்கள். அவற்றிலும் சிறிய 12 வோல்ற் பற்றரி உண்டு என்பதால் மேலே சொன்னவை அதற்கும் பொருந்தும்.

கார் வந்து சேரும் நாளை ஒரு திகதியாக எண்ணாமல் ஒரு வாரமாக எண்ணி உங்கள் வேலைகளைத் திட்டமிடுங்கள். பெற்றுக்கொள்ளும்போது மேலே படிந்த பனியைத் தூரிகையால் நீக்கி, இருட்டிவிட்டால் கைவிளக்கோடு சுற்றிப் பார்த்து, கண்ட சேதத்தைப் பத்திரத்தில் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். கார் இயங்கவில்லை என்றால் உடனே வேறு காரிலிருந்து கம்பி மாட்டாதீர்கள். பற்றரி வீங்கியிருந்தால் உறைந்திருக்கிறது என்று பொருள், உறைந்த பற்றரிக்கு மின்னேற்றினால் அது வெடிக்கக்கூடும். இயங்கினால், எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை நிறுத்திய இடத்திலேயே விட்டு, பனியின் மேல் பச்சையாகவோ சிவப்பாகவோ ஏதாவது சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டினால் எஞ்சினை அணைத்துவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.