கல்லடைப்பு

மதுரை மாட்டுத்தாவணியில் பூ விற்கும் எங்கள் அத்தை, போன சித்திரையில் விலாவைப் பிடித்துக்கொண்டு துடித்துப் போனார். ஸ்கேன் சீட்டில் '5 மி.மீ. கால்குலஸ்' என்று எழுதியிருந்தது. அதை வாங்கிப் பார்த்த மகள், பிளஸ் டூ படிப்பவள், "ஏம்மா, இது எங்க கணக்குப் புஸ்தகத்துல வர்றதுல்ல?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான். கால்குலஸ் என்றால் லத்தீனில் சிறு கல். ரோமானியர்கள் கற்களை வைத்து எண்ணியதால் அந்தச் சொல் கணக்குக்கும் போய்விட்டது. மருத்துவர்கள் பழைய பொருளிலேயே எழுதுகிறார்கள்; அத்தைக்கு இருந்தது சிறுநீரகக் கல்.

சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பெயர் கல்லடைப்பு. வடமொழியின் 'அச்மரி'யும் கல்லைத்தான் சொல்கிறது; தமிழ்ச்சொல் அதோடு 'அடைப்பு' என்று என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது. சிறுநீரகத்துக்குள் கல் சத்தமில்லாமல் பல நாள் கிடக்கும். அது நழுவிச் சிறுநீர்க்குழாயை அடைக்கும்போதுதான் விலாவில் தொடங்கி அடிவயிறு வரை அந்த வலி இழுக்கும். அதனால் பொருளைச் 'சிறுநீரகக் கல்' என்றும், நோயைக் 'கல்லடைப்பு' என்றும் சொல்வதே பொருத்தம். கிட்னிக்குப் பழைய தமிழ்ப் பெயர் குண்டிக்காய். கறிக்கடையில் இன்னும் அந்தப் பெயர்தான்.

நம் பக்கம் எல்லாவற்றையும் 'சூடு பிடிச்சிருச்சு' என்று சொல்லிக் கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவிவிடுகிறோம். அது நீர்க்கடுப்புக்குச் சொல்வது. விலா வலியோடு காய்ச்சலோ, சிறுநீரில் இரத்தமோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அத்தை விடியுமுன்பே சந்தைக்குப் போகிறவர். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்க மாட்டார். உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு பூப்பது போலத்தான் இதுவும்: சிறுநீர் கெட்டிப்பட்டால் கால்சியமும், சில காய்கறிகளில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து படிகமாகும். கற்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கல் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும். அதற்கு 3 லிட்டர் அளவுக்குக் குடிக்க வேண்டும். மதுரை வெயிலில் இன்னும் கூடுதலாக.

கால்சியக் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் ஆக்சலேட் உடம்பில் அதிகம் சேரும். குறைக்க வேண்டியது உப்பைத்தான்: ஊறுகாய், அப்பளம், கருவாடு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். கறியையும் அளவோடு வைத்துக்கொள்ளலாம். பாலக் கீரை, பீட்ரூட், வேர்க்கடலை ஆகியவற்றில் ஆக்சலேட் அதிகம். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கும். வாழைத்தண்டு தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அது தண்ணீருக்கு ஈடாகாது.

இப்போது அத்தையின் பூக்கூடைக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு சுற்றிய இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. அவர் கட்டணக் கழிப்பறைக்குப் போய்வரும் வரை பக்கத்துக் கடை அக்கா மல்லிகையைப் பார்த்துக்கொள்கிறார்.