வைக்கோல் கட்டுச் சுவர்: ஈரம் எந்த வழியாக வரும்?

வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பும் வீடு என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "தீப்பிடிக்காதா?" இறுக்கிக் கட்டிய வைக்கோலுக்குள் காற்று அதிகம் புகாது, மேலே பூச்சும் ஏறிவிட்டால் லேசில் பற்றாது. அமெரிக்கத் தீச்சோதனையில் மண் பூசிய சுவர் 1 மணி நேரம் தாங்கியது. பயப்பட வேண்டியது வேலை நடக்கும் நாட்களில், தரையில் உதிர்ந்து கிடக்கும் வைக்கோல் தாளுக்குத்தான். அன்றன்றே கூட்டி அள்ளுங்கள். வெல்டிங்கைக் கிட்டவே விடாதீர்கள். மற்றபடி இந்தச் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பகுதியில் மரத்துக்குத் தட்டுப்பாடு. கட்டு கட்டும் இயந்திரம் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், குடியேறிகள் அங்கே தொடங்கிய முறை இது. அங்குள்ள ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது.

கதிரடித்த தாள்தான் வேண்டும். மாட்டுக்குப் போடும் உலர்புல் சீக்கிரம் மக்கும். மணி தங்கிய கட்டு எலியைக் கூப்பிடும். வழக்கமான இரட்டைக் கயிற்றுக் கட்டு சுமார் 35 × 45 × 90 செ.மீ. இருக்கும், காய்ந்த நிலையில் 15 கிலோவாவது வர வேண்டும். ஆனால் எடையை மட்டும் நம்பினால் ஈரக்கட்டு ஏமாற்றிவிடும். நீள ஊசி உள்ள ஈரமானியை நடுவரை குத்திப் பாருங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். பாதிக் கட்டு தேவைப்படும் இடத்தில், பெரிய ஊசியால் புதுக் கயிற்றைக் கோத்து இரு பாதியையும் இறுக்கி முடிந்த பிறகே பழைய கயிற்றை அறுக்க வேண்டும். முந்தி அறுத்தால் மிஞ்சுவது குப்பைதான்.

முதல் வரிசை வெளித்தரையிலிருந்து 20 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் உட்கார வேண்டும். வீட்டுத் தளத்தைவிடவும் சற்று உயர்த்துங்கள். குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் பரவினாலும் அடிக்கட்டு நனையாது. தண்ணீர்க் குழாயை இந்தச் சுவருக்குள் ஓட்டவே கூடாது. மழை அதிகமுள்ள இடத்தில் மரச்சட்டம் நிறுத்தி, கூரையை முதலில் போட்டு, அதன் நிழலில் கட்டுகளை அடுக்குவதே எங்கள் சிபாரிசு. சுவரே கூரையைத் தாங்கும் நெப்ராஸ்கா முறையில், கூரை ஏறும்வரை சுவர் திறந்து கிடக்கும். பாரம் ஏறியதும் கட்டுகள் அமுங்கவும் செய்யும். அமுங்குமுன் பூசினால் விரிசல் நிச்சயம்.

அதிகம் கோட்டை விடுவது ஜன்னலின் அடியில். கண்ணாடியில் வழியும் மழை மொத்தமும் அங்கேதான் இறங்குகிறது. அடிப்பலகை வெளிப்பக்கம் சரிந்து, சுவரைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். நீளும் பகுதியின் அடியில் சொட்டுக்காடி, அதாவது வழியும் நீர் சுவர்ப்பக்கம் திரும்பாமல் கீழே சொட்டவைக்கும் பள்ளம், வெட்டுங்கள். பலகைக்குக் கீழே மட்டும் நீர்புகாத் தாள் விரியுங்கள். பயந்துபோய் சுவர் முழுக்க பிளாஸ்டிக் சுற்றுபவர்கள் உண்டு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் வைக்கோல் கறுத்துவிடும்.

வெறும் சிமெண்ட் பூச்சும் அதே வேலையைத்தான் செய்யும்: மயிரிழை விரிசலில் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் லேசில் காயாது. மண் அல்லது சுண்ணாம்பு பூசுங்கள். முதலில் நீர்க்கக் கரைத்த களிமண்ணைத் தாளின் நுனிகளுக்குள் கையால் அழுத்தித் தேய்த்து, அது பிடித்த பின் அடுத்த பூச்சு. கட்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகளைக் களிமண் தோய்த்த வைக்கோலால் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் ஜன்னல்களின் அடியிலும் அடிவரிசையிலும் ஈரமானியை மறுபடி குத்துங்கள். ஒரே இடத்தில் மட்டும் அளவு கூடியிருந்தால் அதற்கு மேலே எங்கோ ஒழுகுகிறது; அடிவரிசை முழுக்கக் கூடியிருந்தால் அஸ்திவாரத்தைப் பாருங்கள்.