சாகப்போகும் செல் அனுப்பும் தகவல்

லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியாமல் தடுமாறிய விரல்கள் கொஞ்ச நேரத்தில் இளகும். பொத்தான் துளைக்குள் போய்விடும். சில மணி நேரம் கழிந்தால் அதே விரல்கள் மறுபடி இறுகும். 1960-களின் கடைசியில் வந்த இந்த மருந்துதான் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான சிகிச்சை. உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்துபோவதை இது ஈடுகட்டுகிறது. ஆனால் டோபமைனைச் சுரக்கிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாவதை இது நிறுத்துவதில்லை.

ஏன் அந்த செல்கள் மட்டும் சாகின்றன? நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறிய கருநிறப் பகுதியில் அவை இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு செல்லின் கிளைகளை எல்லாம் நீட்டி வைத்தால் நான்கு மீட்டருக்கு மேல் வரும், அது மற்ற செல்களோடு கொள்ளும் இணைப்புகள் பத்து லட்சத்தைத் தாண்டும் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. இவ்வளவுக்கும் ஆற்றல் தருபவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள். ஓய்வில்லாமல் ஓடுகிற எதுவும் பழுதாகும். பழுதான மைட்டோகாண்ட்ரியா சும்மா கிடக்காது, செல்லுக்கே நச்சாக மாறும்.

பழுதானது எது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? பிங்க்1 என்ற புரதத்தின் வேலை அது. செல் இதை இடைவிடாமல் தயாரித்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்புகிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியா தன் சவ்வின் மின்னழுத்தத்தால் அதை உள்ளே இழுத்து, வெட்டி, அழிவுக்கு அனுப்பிவிடும். பழுதானதில் மின்னழுத்தம் இருக்காது. அதனால் பிங்க்1 உள்ளே போக வழியில்லாமல் வாசலிலேயே குவிகிறது. அந்தக் குவியல்தான் அபாய அறிவிப்பு! தனியாக ஒரு உணர்கருவி தேவையில்லை. உள்ளே போக முடியாததே செய்தி. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அப்புறம் நடப்பது வேகமாக நடக்கும். குவிந்த பிங்க்1, யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அது பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. பார்க்கின் இன்னும் நிறைய யுபிக்விட்டின்களைக் கொண்டுவந்து, ‘அகற்று’ என்று சீட்டு ஒட்டுவதுபோல அந்த மைட்டோகாண்ட்ரியா முழுக்க ஒட்டிவிடும். செல்லின் குப்பை அகற்றும் அமைப்பு வந்து அதை விழுங்கிச் செரித்துவிடும். இந்த இரண்டு புரதங்களில் ஒன்றின் மரபணு கெட்டுப்போனவர்களுக்குப் பல நேரம் நாற்பது வயதுக்கு முன்பே நோய் வந்துவிடுகிறது.

இங்கேதான் புதிய மருந்துகள் கை வைக்கின்றன. யுஎஸ்பி30 என்ற புரதம், ஒட்டிய சீட்டுகளைக் கழற்றுகிற ஆள். அதைத் தடுத்தால் சீட்டு நிலைக்கும், குப்பை போகும். அப்படிப்பட்ட ஒரு மருந்து மனிதர்களிடம் ஆரம்பகட்ட சோதனைக்கு வந்துவிட்டது. எல்ஆர்ஆர்கே2 என்ற புரதத்தின் கதை, பிங்க்1, பார்க்கின் கதைக்கு நேர் எதிர்: அதன் மரபணுவில் வரும் சில மாற்றங்கள் அதை அளவுக்கு மீறி வேலை செய்ய வைக்கின்றன. அதை அடக்கும் மருந்துகளும் சோதனையில் இருக்கின்றன. ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் கட்டியாவது இன்னொரு பிரச்சினை. அதைக் குறிவைத்த பிராசினெசுமாப் என்ற எதிர்ப்புரதம், 2022-இல் முடிவு வெளியான சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை.

சரி, செத்துப்போன செல்களுக்கு என்ன வழி? பல வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த டோபமைன் செல்களை மூளைக்குள் வைத்த இரண்டு சிறிய சோதனைகளின் முடிவுகள் 2025-இல் வந்தன. ஒன்றில் ஏழு பேர், மற்றொன்றில் பன்னிரண்டு பேர். பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை, செல்களும் பிழைத்திருந்தன. எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் 2008-இல் தெரியவந்த ஒன்றையும் மறக்க முடியவில்லை. கருவிலிருந்து எடுத்த இளம் செல்களைப் பொருத்திக்கொண்ட சில நோயாளிகளின் மூளையை, அவர்கள் இறந்த பிறகு ஆராய்ந்தார்கள். பொருத்திப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. புதிதாக வைத்த செல்கள் சிலவற்றுக்குள்ளேயும் அதே ஆல்ஃபா சைனியூக்ளின் கட்டிகள் இருந்தன.