இடம் மாறாத சிபியு எண்

நான்கு சிபியு உள்ள மெய்நிகர் கணினி (மென்பொருளே உருவாக்கிக் காட்டும் கணினி) ஒன்று ஓடுகிறது. அதிலிருந்து ஒரு சிபியுவைக் கழற்றிவிட்டு, வேறொன்றைச் சேர்க்கிறோம். புதிதாக வந்ததற்கு என்ன எண்?

இப்படிப்பட்ட கணினிகளை ஓட்டும் கியூஎமு என்ற எமுலேட்டர் மென்பொருளை ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டபோது இந்தக் கேள்வியே எழவில்லை. ஓடும் கணினியில் சிபியுவைக் கழற்ற அப்போது வழி கிடையாது. அதனால் புது சிபியு உருவாகும்போது, ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, அந்தத் தொகையையே அதற்கு எண்ணாகக் கொடுத்தார்கள். கழற்றலாம் என்று வந்ததும் இந்தக் கணக்கு உதைத்தது. 0, 1, 2, 3 என்ற நான்கில் 1ஐ எடுத்தால் மிச்சம் மூன்று. புதிதாக வருவதற்கும் 3. ஒரே எண்ணில் இரண்டு சிபியு!

காலியாக இருக்கும் முதல் எண்ணைக் கொடுத்தால் சரியாகிவிடுமே? அப்படியும் செய்து பார்த்தார்கள். எண் மோதுவது நின்றது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பதைப் பொறுத்தே எண் அமைந்தது. இதன் வலி தெரிவது, ஓடும் கணினியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான். ஒவ்வொரு சிபியுவின் பதிவேடுகளும் (அது அந்த நொடியில் கையில் வைத்திருக்கும் மதிப்புகள்) அதன் எண்ணை முகவரியாக வைத்தே அனுப்பப்படுகின்றன. அனுப்பும் பக்கம் 0, 2, 3 இருக்கிறது. பெறும் பக்கம் மூன்று சிபியுவோடு புதிதாகத் தொடங்கியதால் 0, 1, 2. 3க்கு வந்த தரவை வாங்கிக்கொள்ள ஆளில்லை. இடமாற்றம் அங்கேயே முறிந்துவிடும். ஒரு விதத்தில் முறிவது நல்லது. இரு பக்கமும் எண்கள் ஒத்திருந்து, அவை குறிக்கும் இடங்கள் மட்டும் வேறாக இருந்தால் ஒன்றின் பதிவேடு மற்றொன்றுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

இன்டெல், ஏஎம்டி செய்யும் எக்ஸ்86 வகை சிபியுவுக்கு ஏபிக் ஐடி என்று ஒன்று உண்டே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அது சாக்கெட் (சிப் செருகும் இடம்), கோர் (சிப்புக்குள் இருக்கும் செயலி), த்ரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் இழை) மூன்றையும் பிட்களாக அடுக்கிச் செய்த எண். சாக்கெட்டுக்கு மூன்று கோர் என்றால் கோருக்கு 2 பிட் ஒதுக்க வேண்டும். கோருக்கு ஒரே த்ரெட் என்றால், முதல் சாக்கெட்டுக்கு 0, 1, 2. அடுத்ததற்கு 4, 5, 6. நடுவில் 3 என்ற எண்ணே இல்லை. நிரலில் பல இடங்களில் சிபியு எண்தான் அணிக்குள் (வரிசையாக அடுக்கிய தரவுப் பட்டியலுக்குள்) நுழையும் சுட்டு. ஆறு இடமுள்ள அணியில் 6ஐத் தேடினால் வெளியே போய் விழ வேண்டியதுதான்.

2016இல் சேர்ந்த தீர்வு எளிமையானது. அதிகபட்சம் எத்தனை சிபியு வரலாம் என்பது கணினி தொடங்கும்போதே தெரியும். அத்தனைக்கும் முன்கூட்டியே, ஏபிக் ஐடி வரிசையில், ஓர் அட்டவணை போட்டுவிடுகிறார்கள். சிபியு எப்போது வந்தாலும் தன் சாக்கெட், கோர், த்ரெட்டைச் சொல்லித் தன் வரியைக் கண்டுபிடிக்கும். அது எத்தனையாவது வரியோ அதுவே எண். மேலே சொன்ன 4, 5, 6 இங்கே 3, 4, 5 ஆகிவிடும். கழற்றினால் வரி காலியாகும், அவ்வளவுதான். அப்புறம் பெறும் பக்கத்தில் அதே சாக்கெட், கோர் அமைப்பைக் கொடுத்து, அதே இடங்களில் சிபியுக்களைச் செருகினால் போதும்; எந்த வரிசையில் செருகினாலும் எண் மாறாது.